மரை கழலாத கதை

ஒருவரைக் கிறுக்கர் என்று சொல்ல வேண்டுமானால் தமிழில் "அவருக்கு மரை கழன்றுவிட்டது" என்பார்கள். கொஞ்சம் செல்லமாகச் சொன்னால் "நட்டு லூஸ்". மரை கழல்வதுதான் ஆபத்து என்பது நம் பேச்சிலேயே ஊறிப்போயிருக்கிறது. ஆனால் சொந்தக் காரைத் தானே பழுது பார்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் காருக்கு அடியில் போய்ப் படுத்தவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். அவருடைய பிரச்சினை மரை கழல்வது இல்லை, கழல மறுப்பது!

அரை மணி நேர வேலை என்றுதான் ஆரம்பிப்பார். ஒன்பது போல்ட்டுகள் மரியாதையாக வந்துவிடும். பத்தாவது அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்துவார். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி பெயரும். மறுபடியும் அழுத்துவார். போல்ட்டின் ஆறு மூலைகளும் மழுங்கி வட்டமாகும், அல்லது தலை மட்டும் உடைந்து கையோடு வரும், உடல் உள்ளேயே தங்கிவிடும். மாலையில் கார் ஸ்டாண்டுகளின் மேல் மூன்று சக்கரத்தோடு நிற்கும். மறுநாள் வேலைக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

இந்தச் சின்ன இரும்புத் துண்டின் பிடிவாதத்துக்குப் பின்னால் இருநூறு வருடத்துக்கும் மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. ஒரு போல்ட்டை இறுக்குபவர் ஒருவர், பல வருடம் கழித்து அதைக் கழற்றுபவர் வேறொருவர். இறுக்குபவருக்குத் தொழிற்சாலை எல்லா வசதியும் செய்து கொடுத்தது. புதிய போல்ட், சுத்தமான மரை, நல்ல வெளிச்சம், இயந்திரக் கருவி. சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். கழற்றுபவருக்குக் கிடைப்பதோ துரு, இருட்டு, கண்ணில் விழும் மண். அவருக்கு உதவிய பொருட்களில் பல, கார் செய்தவர்களிடமிருந்து வரவில்லை. குழாய்க்காரர், கொல்லர், ராக்கெட்டுக்கு மருந்து கலந்தவர்கள், ஒரு பள்ளி மாணவன் என்று எங்கெங்கிருந்தோ வந்தன.

ஏன் இறுகிப்போகிறது?

போல்ட்டை இறுக்கும்போது அது ஒரு ஸ்பிரிங் போல மிகச் சிறிதளவு நீள்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப அது இழுக்கும் இழுவைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆனால் ஸ்பேனரில் நாம் கொடுக்கும் சக்தி முழுவதும் இதற்குப் போவதில்லை. பொறியியல் பாடங்களில் சொல்லப்படும் தோராயக் கணக்கு இது: சுமார் 50 சதவீதம் போல்ட் தலைக்கு அடியில் உராய்வாகப் போகிறது, சுமார் 40 சதவீதம் மரைகளுக்கு இடையில் உராய்வாகப் போகிறது, மீதி 10 சதவீதம் மட்டுமே பிடிக்கும் விசையாக மாறுகிறது. அதாவது நாம் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் உராய்வோடுதான்.

புதிதாக இறுக்கிய போல்ட்டை உடனே கழற்றினால், இறுக்கியதைவிடக் கொஞ்சம் குறைந்த விசையே போதும். மரையின் சரிவே அதற்கு உதவும். ஆனால் வருடங்கள் போனால் நடுவில் துரு வந்து உட்கார்ந்துவிடுகிறது. இரும்பு துருவாக மாறும்போது, மாறிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். திறந்த வெளியில் என்றால் செதில் செதிலாக உதிர்ந்து போகும். மரைக்குள் உதிர இடமில்லை. ஆகவே ஆப்பு அடித்தது மாதிரி இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை உலகுக்குக் காட்டியது ஒரு கப்பல். மரத்தைத் துளைக்கும் கடல் புழுக்களிடமிருந்து காப்பாற்ற, 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதி முழுவதும் செப்புத் தகடு அடித்தது. 1763-இல் சோதித்துப் பார்த்தபோது செப்பு நன்றாக இருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன! ஒரு சில இடங்களில் மட்டும் ஆணிகள் நன்றாக இருந்தன. அங்கெல்லாம் செப்புத் தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தைக் கிழிக்காமல் அப்படியே வைத்து அடித்திருந்தார்கள். இரண்டு வேறு உலோகங்கள் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றொன்றுக்காகக் கரைந்துபோகும் என்பது அப்படித்தான் தெரிய வந்தது. இன்றைக்குக் காரில் இதே சண்டையில் கரைவது பெரும்பாலும் அலுமினியம். நட்டுகளையெல்லாம் கழற்றிய பிறகும் அலாய் சக்கரம் ஹப்பை விட்டு வராமல் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆளுக்கொரு மரை

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வரை மரை என்பது பெரும்பாலும் கைவேலை. ஒரு போல்ட்டுக்கு அதற்கென்றே செய்த நட்டுதான் பொருந்தும். ஒரு இயந்திரத்தைப் பிரித்தால் எந்த நட்டு எந்த போல்ட்டுக்கு என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். 1800-ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி என்பவர், ஒரே அளவான மரையைத் திரும்பத் திரும்ப வெட்டக்கூடிய லேத்தை உருவாக்கினார். அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் அடுத்த படியை எடுத்தார். பல பட்டறைகளில் இருந்து திருகுகளைச் சேகரித்து, ஒப்பிட்டு, 1841-இல் நாடு முழுவதும் ஒரே மரை வேண்டும் என்று முன்வைத்தார். அவருடைய மரையின் கோணம் 55 டிகிரி.

1864-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் தன் பங்குக்கு வேறொரு மரையை முன்வைத்தார். அதன் கோணம் 60 டிகிரி. சாதாரணத் தொழிலாளிகூடச் சுலபமாகச் செய்யலாம், சரிபார்க்கலாம் என்பது அவர் வாதம். ஆக, ஒரே மொழி பேசும் இரண்டு நாடுகளுக்கு இரண்டு மரைகள்!

இதில் கடைசியில் அடிபட்டவர் கழற்றுபவர்தான். ஸ்பேனர் அளவு ஒரு மயிரிழை பெரிதாக இருந்தால்கூட இறுகிய போல்ட்டின் மூலைகளை அது மழுங்கடித்துவிடும். பிரிட்டனில் மோரிஸ் கார்களின் கதை இதற்கு நல்ல உதாரணம். முதல் உலகப் போரின்போது ஹாட்ச்கிஸ் என்ற நிறுவனம் பிரான்சிலிருந்து இயந்திரங்களைக் கொண்டுவந்து இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் துப்பாக்கித் தொழிற்சாலை அமைத்தது. போர் முடிந்ததும் அங்கே மோரிஸ் காருக்கு எஞ்சின் செய்தார்கள். 1923-இல் மோரிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கிக்கொண்டார். பிரெஞ்சு இயந்திரங்கள் வெட்டுவது மெட்ரிக் மரை. ஆனால் இங்கிலாந்து மெக்கானிக்குகளிடம் இருப்பது விட்வொர்த் ஸ்பேனர். என்ன செய்தார்கள் தெரியுமா? மரையை மெட்ரிக்கிலும் போல்ட் தலையை விட்வொர்த் அளவிலும் செய்தார்கள்! இந்த விசித்திரக் கலவை எம்.ஜி. கார்களின் எஞ்சினில் 1955 வரை தொடர்ந்தது. தலையைப் பார்த்து மரையை முடிவு செய்தவர் தவறான போல்ட்டைத் திணித்திருப்பார். அடுத்து வந்து அதைக் கழற்ற வேண்டியவரின் பாடு சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரில் இரண்டு நாட்டுத் தளவாடங்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் பட்ட அவதிக்குப் பிறகுதான், 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன.

குழாய்க்காரரும் கொல்லரும்

1908-இல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் விற்றன. வாங்கியவர்களில் ஏராளமானோர் விவசாயிகள். பக்கத்தில் மெக்கானிக் ஷெட் கிடையாது. பழுதானால் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சொந்தக் கையால் கார் பழுது பார்க்கும் பழக்கம் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை, வேறு வழியில்லாமல் தொடங்கியது.

அவர்கள் கையில் இருந்த கருவிகளில் ஒன்று பைப் ரெஞ்ச். அது காருக்கும் முந்தையது. 1869-இல் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் டேனியல் ஸ்டில்சன் என்ற அமெரிக்கர். மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு குழாய் நிறுவனத்தில் அவர் வேலை பார்த்தார். மரத்தில் செதுக்கிய மாதிரியை முதலாளிகளிடம் காட்டியபோது, "இதை இரும்பில் செய், ஒன்று குழாய் முறுகி உடைய வேண்டும், இல்லை உன் ரெஞ்ச் உடைய வேண்டும்" என்ற பொருளில் சொன்னார்களாம். குழாய்தான் உடைந்தது என்று கதை சொல்கிறது. அழுத்த அழுத்த இன்னும் இறுகக் கடிக்கும் தாடை என்பதுதான் அதன் தந்திரம். மூலை மழுங்கி வட்டமான போல்ட்டையும் அது பிடிக்கும்.

அடுத்தவர் ஒரு கொல்லர். டென்மார்க்கிலிருந்து குடியேறிய வில்லியம் பீட்டர்சன், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் டிவிட் என்ற சின்ன ஊரில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். ஒரு கையால் இடுக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே மறுகையால் வேலை செய்வது பெரும் தொல்லை. பிடித்த பிடியிலேயே பூட்டிக்கொள்ளும் இடுக்கி இருந்தால்? 1921-இல் முதல் காப்புரிமை வாங்கினார். 1924-இல் பூட்டும் நெம்புகோலைச் சேர்த்தார். அதுதான் வைஸ் கிரிப். ஆரம்பத்தில் அவரே காரில் எடுத்துக்கொண்டு போய் விவசாயிகளிடமும் மெக்கானிக்குகளிடமும் விற்றார். மூலை மழுங்கிய போல்ட்டுக்குக் கடைசிப் புகலிடம் என்றால் இன்றும் பலருக்கு அதுதான். 2008-இல் டிவிட் தொழிற்சாலை மூடப்பட்டு உற்பத்தி சீனாவுக்குப் போனது.

இதற்கிடையில் 1920-இல் ஜோசப் ஜான்சன் என்பவர் மில்வாக்கி நகரில் ஸ்னாப்-ஆன் நிறுவனத்தைத் தொடங்கினார். ஐந்து கைப்பிடி, பத்து சாக்கெட், வேண்டியதை மாற்றி மாட்டிக்கொள்ளலாம். சாதாரண ஸ்பேனர் போல்ட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும். ஆறு முக சாக்கெட் ஆறு பக்கத்தையும் அணைத்துப் பிடிக்கும். இறுகிய போல்ட்டின் தலை தப்புவதற்கு இந்த வித்தியாசமே பல சமயம் போதும்.

சாலையில் கொட்டிய உப்பு

கருவிகள் பெருகின. ஆனால் எதிரியும் பலம் பெற்றான். பனி உறையும் நாடுகளில் சாலையில் கார்கள் வழுக்காமல் இருக்க உப்பைத் தூவுவார்கள். உப்பு கலந்த நீர் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே போனால்தான் உறையும். அமெரிக்காவில் 1938-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் இதைச் சோதித்துப் பார்த்தது. 1941-42 குளிர்காலத்தில் நாடு முழுவதும் நெடுஞ்சாலைகளில் தூவிய உப்பு சுமார் 5,000 டன். இன்று ஒரு வருடத்துக்கு ஒரு கோடி டன்னுக்கும் மேல்.

உயிர்களைக் காப்பாற்றும் உப்புதான் அது, சந்தேகமில்லை. ஆனால் கரைந்த உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடித்தல் அடிப்படையில் ஒரு மின்வேதி வினை என்பதால் அது வேகமாக நடக்கும். சக்கரங்கள் வாரி இறைக்கும் அந்த நீர் பிரேக் குழாய், சைலன்சர், சஸ்பென்ஷன் என்று காரின் அடிவயிறு முழுவதும் போய் உட்காரும். அரிசோனா பாலைவனத்தில் ஓடிய காரில் கையால் சுற்றினாலே வரும் போல்ட், மிச்சிகனில் ஓடிய அதே வயதுக் காரில் உடைந்துதான் வரும். பழைய கார் வாங்குபவர் எஞ்சினைப் பார்க்கும் முன் கார் எந்த ஊரில் ஓடியது என்று கேட்பது அதனால்தான்.

ஊறவைக்கும் எண்ணெய்

துருப் பிடித்த போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருப்பது பழைய வழக்கம். மண்ணெண்ணெய் தண்ணீர் போல மெல்லியது, மயிரிழை இடுக்கிலும் நுழையும். இதையே தொழிலாக்கி 1941-இல் 'லிக்விட் ரெஞ்ச்' சந்தைக்கு வந்தது. பெயருக்குப் பொருள் 'திரவ ஸ்பேனர்'!

ஆனால் உலகப் புகழ் பெற்றது வேறொன்று. 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சிறு நிறுவனம், விண்வெளித் துறைக்காக ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கும் ஒரு திரவத்தைத் தேடிக்கொண்டிருந்தது. நாற்பதாவது முயற்சியில் சூத்திரம் சரியாக வந்தது. நீரை விலக்குவது என்ற ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளையும் 40-ஐயும் சேர்த்து டபிள்யூ.டி-40 என்று பெயர் வைத்தார்கள். அட்லஸ் ஏவுகணையின் மெல்லிய உலோகத் தோலைத் துருவிலிருந்து காப்பதற்கு அது பயன்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் அதை மெதுவாக வீட்டுக்கும் எடுத்துப் போனார்கள். 1958-இல் ஸ்பிரே டப்பாவில் அடைத்துக் கடைகளுக்கு வந்தது. 1969-இல் நிறுவனத்தின் பெயரையே டபிள்யூ.டி-40 என்று மாற்றிக்கொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அது துரு வராமல் தடுக்கப் பிறந்தது, வந்த துருவை உடைக்கப் பிறந்ததல்ல! மெல்லியதாக இருப்பதால் ஓரளவு ஊறும், அவ்வளவுதான். இறுகிய மரைக்கென்றே தனி எண்ணெய்கள் உண்டு. அந்த நிறுவனமே பிற்காலத்தில் தனியாக ஒன்றைத் தயாரித்து விற்றது. எந்த எண்ணெயானாலும் சரி, அதில் உண்மையாக வேலை செய்வது நேரம். அடித்தவுடன் ஸ்பேனரை வைப்பவர் எண்ணெயையும் வீணாக்கி போல்ட்டையும் உடைக்கிறார். இரவே ஊற்றிவிட்டுத் தூங்கப் போகிறவர் ஜெயிக்கிறார்.

சுத்தியலும் நெருப்பும்

இறுகிய போல்ட்டின் தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் கழன்றுவிடும் என்று மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். தட்டும்போது துருவின் பிடி விரிசல் விடுகிறது என்பது ஒரு காரணம். இன்னொன்றை எதிர்த் திசையிலிருந்து கண்டுபிடித்தார் ஒரு ஜெர்மானியப் பொறியாளர். 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர், போல்ட்டுகள் ஏன் அதிர்வில் தானாகக் கழல்கின்றன என்று ஆராய்ந்தார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, குறுக்குவாக்கில் வரும் அதிர்வே மோசமானது என்று அவர் காட்டினார். பக்கவாட்டில் ஒரு நொடி வழுக்கினால் போதும், அந்த நொடியில் சுற்றும் திசையிலும் உராய்வின் பிடி போய்விடுகிறது. ஓடும் காருக்கு இது ஆபத்து. இறுகிய போல்ட்டோடு போராடுபவருக்கோ இது வரம்.

1930-களில் இங்கர்சால்-ரேண்ட் நிறுவனம் விற்கத் தொடங்கிய இம்பாக்ட் ரெஞ்ச் இதே போன்ற ஒரு தந்திரத்தைத்தான் செய்கிறது. ஒரே அழுத்தாக அழுத்தாமல், நூற்றுக்கணக்கான சிறு அடிகளாகச் சுற்றும் திசையில் அடிக்கிறது. கழற்றுவதற்கு இது அருமையான கருவி. ஆனால் டயர் கடைகளில் அது இறுக்குவதற்கும் பயன்பட்டது. கணக்கில்லாமல் இறுக்கிய சக்கர நட்டை, நடு இரவில் நெடுஞ்சாலை ஓரத்தில், காரோடு வந்த குட்டி ஸ்பேனரால் கழற்ற முடியுமா? அளவோடு இறுக்கும் கருவி இல்லாமலில்லை. நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார், பூமிக்கடியில் உள்ள குழாய் போல்ட்டுகளை ஊழியர்கள் அளவுக்கு மீறி இறுக்குவதைத் தடுக்க 1918-லேயே டார்க் ரெஞ்சை உருவாக்கியிருந்தார். அதை எடுத்துப் பயன்படுத்தும் பொறுமைதான் பல இடங்களில் இல்லை.

எண்ணெயும் அடியும் பலிக்காவிட்டால் நெருப்பு. அசிட்டிலினையும் ஆக்சிஜனையும் சேர்த்து எரித்தால் 3,000 டிகிரியைத் தாண்டும் சுடர் கிடைக்கும் என்று 1895-இல் பிரெஞ்சு விஞ்ஞானி லெ ஷாட்டலியே காட்டினார். அடுத்த பத்து வருடத்துக்குள் அதற்கான டார்ச் பட்டறைக்கு வந்துவிட்டது. இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 10 மில்லிமீட்டர் துளையுள்ள நட்டை 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், துளை 0.036 மில்லிமீட்டர் பெரிதாகும். ஏறக்குறைய ஒரு தலைமுடியில் பாதி! இறுகிக் கிடக்கும் துருவில் விரிசல் விட அதுவே போதும்.

இங்கேதான் விளையாட்டு வினையாகும் இடமும். பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், ரப்பர் புஷ் இவற்றின் அருகே சுடரைக் கொண்டுபோவது உயிரோடு விளையாடுவது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரை அடித்துவிட்டு அது காய்வதற்குள் சூடாக்கினால் ஃபாஸ்ஜீன் என்ற வாயு உண்டாகலாம். 1915-இல் முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் வீரர்களைக் கொன்ற அதே வாயு. இன்னொரு ஆபத்து ஜாக்கி. இறுகிய போல்ட்டைப் பலங்கொண்ட மட்டும் இழுக்கும்போது காரே ஆடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுத்து இழுத்தவர்களில் சிலர் எழுந்திருக்கவில்லை. உறுதியான ஸ்டாண்ட் இல்லாமல் கீழே போகவே கூடாது.

எதிர்த் திசையில் ஒரு கார்

சில சமயம் போல்ட் இறுகியிருக்காது, கழற்றுபவர்தான் அதை இறுக்கிக்கொண்டிருப்பார்! கிரைஸ்லர் நிறுவனம் 1970-ஐ ஒட்டிய காலம் வரை தன் கார்களின் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை நட்டுகளைப் பொருத்தியது. சக்கரம் சுற்றும் போக்கில் நட்டு கழன்றுவிடக் கூடாது என்ற எண்ணம். இடமரைக்கு அடையாளமாக ஸ்டட்டின் நுனியில் ஒரு சிறு எழுத்து பொறித்திருக்கும். சேறும் துருவும் மூடிய பிறகு அதை யார் பார்த்தார்கள்? வழக்கமான திசையில் சுற்றி, வரவில்லையே என்று ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி மிதித்து, ஸ்டட்டை உடைத்தவர்கள் ஏராளம். நட்டின் அடிப்பகுதி கூம்பாக இருந்து சக்கரத்தில் ஒழுங்காக உட்கார்ந்தாலே அது கழலாது என்பது தெளிவான பிறகு இந்த வழக்கம் மறைந்தது.

ஒரு மாணவனின் கையேடு

கருவி இருந்தால் போதாது, எதை, எந்த வரிசையில் கழற்றுவது என்று யாராவது சொல்ல வேண்டுமே? இங்கிலாந்தில் ஜான் ஹெய்ன்ஸ் என்ற பள்ளி மாணவன், ஆஸ்டின் 7 காரைத் தன் கையால் மாற்றிக் கட்டி, 1956-இல் அதை ஒரு சிறு புத்தகமாக எழுதினான். அச்சடித்த 250 பிரதிகளும் பத்து நாளில் விற்றன. பின்னர் விமானப்படையில் சேர்ந்து ஏடனில் பணியாற்றியபோது, சக ஊழியர் ஒருவர் வாங்கிய பழைய ஸ்பிரைட் காரைச் சரிசெய்ய உதவினார் ஹெய்ன்ஸ். நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கையேடு சாதாரண உரிமையாளருக்காக எழுதப்பட்டதல்ல என்பது அப்போது புரிந்தது. எஞ்சினைப் பிரிக்கும் ஒவ்வொரு படியையும் படம் எடுத்தார். 1966-இல் முதல் ஹெய்ன்ஸ் கையேடு வந்தது.

முழுக் காரையும் உண்மையாகவே பிரித்துப் பார்த்து எழுதுவதுதான் அந்தக் கையேடுகளின் பலம். அவற்றில் கழற்றும் பகுதிதான் விரிவாக இருக்கும். மாட்டுவதற்கு, அதையே பின்னோக்கிச் செய்யுங்கள் என்ற அளவில் முடித்துவிடுவார்கள். கஷ்டம் எந்தப் பக்கம் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது! ஹெய்ன்ஸ் 2019-இல் காலமானார்.

புதிய கார், பழைய பாடம்

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால் தவறு. 2004-இல் ஃபோர்டு தன் எஃப்-150 வண்டியில் 5.4 லிட்டர் வி8 எஞ்சினின் புதிய வடிவத்தைக் கொண்டுவந்தது. அதன் ஸ்பார்க் பிளக் இரண்டு துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. நீண்ட மெல்லிய முனைப் பகுதி எஞ்சினின் தலைக்குள் ஆழமாகப் போய் உட்காரும். ஓட ஓட அந்த இடுக்கில் கரி சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். மாற்றலாம் என்று சுற்றினால் மேல் பாதி கையோடு வரும், கீழ்ப் பாதி எஞ்சினுக்குள் தங்கிவிடும். 2004 முதல் 2008 வரையிலான வண்டிகளில் இது பெரிய தலைவலியானது. எளிய வேலை என்று வீட்டிலேயே தொடங்கிய பலர், வண்டியை ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டி வந்தது.

ஃபோர்டு மெக்கானிக்குகளுக்குச் சொன்ன தீர்வைப் படித்தால் சிரிப்பு வரும். முதலில் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்த வேண்டும், கார்புரேட்டர் கிளீனரை ஊற்ற வேண்டும், கால் மணி நேரம் ஊற விட வேண்டும், பிறகு முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்து எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்த பழைய கொல்லரின் அதே வைத்தியம்தான்! உடைந்ததை வெளியே எடுக்கத் தனிக் கருவிகளை வெளிநிறுவனங்களும் செய்து விற்றன.

இன்றோ பூட்டு போல்ட்டில் மட்டும் இல்லை. பழுதைக் கண்டுபிடிக்கத் தேவையான தகவலே நிறுவனத்தின் கணினிக்குள் இருக்கிறது. 2012-இல் மசாசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள், கார் நிறுவனங்கள் தங்கள் டீலர்களுக்குத் தரும் பழுதுபார்ப்புத் தகவலை உரிமையாளருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்று வாக்களித்தார்கள். காரிலிருந்து கம்பியில்லாமல் போகும் தகவலுக்கும் அது பொருந்த வேண்டும் என்று 2020-இல் மறுபடி வாக்களித்தார்கள். ஸ்டில்சன் செய்த மாநிலமும் இதுவே என்பது தற்செயல்தான். ஆனால் கேள்வி ஒன்றுதான்: காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்க முடியாவிட்டால், அது யாருடைய பொருள்?

அடுத்தவருக்காக ஒரு துளி

கடைசியாக, அந்தப் பத்தாவது போல்ட்டுக்கு வருவோம். சண்டை போட்டவர் ஒருவழியாக எண்ணெய் விட்டுப் போய்ப் படுக்கிறார். காலையில் வந்து நாலு தட்டு தட்டி, சரியான ஆறு முக சாக்கெட்டை மாட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி அசைத்து, பிறகு எதிர்ப்பக்கம் திருப்புகிறார். 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்பேனர் உடைந்த சத்தமா, போல்ட் விட்டுக்கொடுத்த சத்தமா என்று தெரியாத அந்த அரை நொடி இருக்கிறதே... பிறகு போல்ட் சுற்றத் தொடங்குகிறது.

வேலை முடிந்து மறுபடி மாட்டும்போது, அவரே இறுக்குபவராக மாறிவிடுகிறார். மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தேவையான இடங்களில் ஆன்டி-சீஸ் பசையை ஒரு துளி தடவி, சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குகிறார். பசை உராய்வைக் குறைக்கும், அதே முறுக்கில் போல்ட் அதிகமாக இழுபடும். அதனால் சக்கர நட்டு, பிரேக் போன்ற இடங்களில் கையேடு சொன்னால் ஒழியத் தடவக் கூடாது. தடவும் அந்த ஒரு துளியால் அவருக்கு இன்று எந்த லாபமும் இல்லை. பத்து வருடம் கழித்து அதே போல்ட்டின் முன்னால் படுக்கப் போகும், முகம் தெரியாத யாரோ ஒருவருக்காக அது.

தொழிற்சாலை மறந்த அந்த ஆளை, கழற்றிப் பார்த்தவர் மறப்பதில்லை.